கடலில்லாக் கொங்கில் உருவான கடற்படை

1961 செப்டம்பர் 5ஆம் தேதி, கோவைக்குக் கிழக்கே சூலூர் விமானத்தளத்தில் ‘ஐ.என்.எஸ். ஹன்சா’ என்ற கடற்படை நிலையம் முறைப்படி பணியில் சேர்க்கப்பட்டது. அங்கிருந்து எந்தத் திசையில் புறப்பட்டாலும் கடலைக் காண நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். சுற்றிலும் பருத்தியும் சோளமும் விளையும் காடுகள், கமலை ஓடிய கிணறுகள், தறிச் சத்தம் ஓயாத ஊர்கள். அந்த வறண்ட காட்டுக்கு மேலேதான், விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் இறங்கப்போகும் இந்திய அதிகாரிகள் ஜெட் ஓட்டிப் பழகினார்கள்.

கொங்கு வட்டாரத்தின் நவீன வரலாற்றை எழுதுகிறவர்கள் 1888இல் எழுந்த ஸ்டேன்ஸ் மில்லில் தொடங்கி, பைக்காரா மின்சாரம், மோட்டார் பம்பு, ஃபவுண்டரி, பின்னலாடை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். கடற்படை அந்த வரிசையில் இடம்பெறுவதில்லை. தமிழ்நாட்டின் கடற்படைக் கதையை எழுதுகிறவர்களோ சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம், அரக்கோணம் என்று சொல்லிவிட்டுக் கொங்கைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இரண்டு பக்கத்திலும் விடுபட்டுப்போன இந்தப் பகுதியை ஒரு கடற்படை அதிகாரியின் வாழ்க்கைப் பாதையோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதன் பொருள் விளங்கும். அதிகாரியின் பெயர் கப்பலோடுதான் பேசப்படும். ஆனால் அவர் உருவாகும் ஆண்டுகளில் பெரும்பகுதி நிலத்தில் கழிகிறது. அந்த நிலத்தில் ஒரு பங்கு கொங்குடையது.

ஹன்சா தொடங்கியபோது கடற்படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர் ராமதாஸ் கட்டாரி. 1911 அக்டோபர் 8ஆம் தேதி செங்கல்பட்டில் பிறந்தவர். இந்தியக் கடற்படைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர். அவர் கடலுக்குப் போன வழியைப் பார்த்தால், அன்று ஓர் இந்தியப் பையனுக்குக் கடற்படையின் கதவு எவ்வளவு இறுக மூடியிருந்தது என்பது தெரியும்.

வ.உ.சி. 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி, 1908இல் அவர் சிறைப்பட்டதும் நிலைகுலைந்தது. கப்பலோட்டியவர் கோவைச் சிறையில் செக்கிழுத்தார். இந்தியர் கப்பல் நடத்தக் கூடாது என்பது ஆட்சியாளரின் உறுதியான எண்ணம். அது கொஞ்சம் தளர இருபது ஆண்டுகள் ஆயின. 1927இல் பம்பாயில் ‘டஃபரின்’ என்ற பயிற்சிக் கப்பலில் முதன்முதலாக இந்திய மாணவர்கள் சேர்க்கப்பட்டார்கள். அந்த முதல் அணியில் பதினாறு வயதுக் கட்டாரி இருந்தார். ஆனால் டஃபரின் வணிகக் கப்பல்களுக்கு ஆள் தயாரித்த இடம். போர்க்கப்பலுக்குப் போகும் வழி அங்கே இல்லை. 1928 வரை கடற்படையில் அதிகாரி என்ற தகுதியில் ஓர் இந்தியர்கூட இல்லை. அந்த ஆண்டு சேர்ந்த முதல் இந்திய அதிகாரி டி.என். முகர்ஜியும் பொறியியல் பிரிவுக்காரர்.

பயிற்சி முடித்த கட்டாரி கல்கத்தாத் துறைமுகத்தின் கீழ் ஹூக்ளி ஆற்றில் வேலைக்குப் போனார். அந்த ஆறு பெரிய ஆசிரியர். அடியில் மணல்திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். நேற்று கப்பல் போன தடத்தில் இன்று தரை தட்டும். ஆழத்தை ஓயாமல் அளந்து, படத்தைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். 1939இல் உலகப் போர் மூண்டபோது பிரிட்டிஷாருக்கு அவசரமாகக் கடல் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். கட்டாரி தன்னார்வ ரிசர்வ் பிரிவின் வழியாகக் கடற்படைக்குள் வந்தார். முன்வாசல் திறக்காதவருக்குப் போர் பக்கவாசலைத் திறந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

1949இல் ‘ராஜ்புத்’ என்ற நாசகாரிக் கப்பலுக்குத் தலைமை, 1956இல் இந்தியக் கப்பற்படைத் தொகுதிக்கே தலைமை, 1958 ஏப்ரல் 22இல் கடற்படையின் தலைமைத் தளபதி என்று அவர் படிப்படியாக உயர்ந்தார். இதில் கவனிக்க வேண்டிய ஓர் இடைவெளி உண்டு. தரைப்படைக்கு 1949இலேயே கரியப்பா வந்துவிட்டார். விமானப்படைக்கு 1954இல் சுப்ரதோ முகர்ஜி. கடற்படைக்கு மட்டும் விடுதலை பெற்றுப் பதினோராம் ஆண்டில்தான் இந்தியத் தளபதி கிடைத்தார். காரணம் எளியது. கப்பல்களையும் கப்பல் தொகுதிகளையும் நடத்திப் பழகிய மூத்த அதிகாரி உருவாக இருபது, முப்பது ஆண்டுகள் வேண்டும். அந்த ஆண்டுகளை இந்தியருக்குத் தராமல் வைத்திருந்துவிட்டு, திடீரென்று ஒருவரைத் தேடினால் எங்கே கிடைப்பார்? டஃபரினில் கால் வைத்ததிலிருந்து தளபதி நாற்காலி வரை கட்டாரிக்கு 31 ஆண்டுகள் ஆயின.

அவர் பொறுப்பேற்றபோது இந்தியா ஒரு விமானந்தாங்கிக் கப்பலை வாங்கி முடித்திருந்தது. பிரிட்டன் பாதி கட்டி நிறுத்தியிருந்த ‘ஹெர்குலிஸ்’ 1957இல் வாங்கப்பட்டு, பெல்ஃபாஸ்ட்டில் கட்டி முடிக்கப்பட்டு, 1961 மார்ச் 4ஆம் தேதி ‘விக்ராந்த்’ ஆகப் பணியில் சேர்ந்தது. கப்பலைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். அதன் தளத்தில் ஜெட் விமானத்தை இறக்கக்கூடிய ஆளை வாங்க முடியாது, உருவாக்கத்தான் வேண்டும். கொச்சியில் 1953 முதல் இருந்த கடற்படை விமான நிலையம், நீரிலும் நிலத்திலும் இறங்கும் சீலண்ட் போன்ற சிறு விமானங்களோடு தொடங்கியது. ஜெட்டுக்கு வேறு இடம் வேண்டும். 1958இல் சூலூரில் கடற்படையின் ஜெட் விமானப் பிரிவு அமைந்தது.

ஏன் சூலூர்? இதற்கு விடை காண இன்னும் பதினாறு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் இலங்கையைத் தாக்கின. 5ஆம் தேதி கொழும்பு, 9ஆம் தேதி திருகோணமலை. மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டிஷ் விமானந்தாங்கியான ‘ஹெர்மிஸ்’ மூழ்கியது. கடலோரத் தளங்கள் எவ்வளவு திறந்துகிடக்கின்றன என்பதை அந்த ஒரு வாரம் காட்டிவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் பிரிட்டிஷ் கடற்படை கோவையின் பீளமேட்டில் ‘எச்.எம்.எஸ். கருடா’ என்ற நிலையத்தைத் தொடங்கியது. 1940இல் ஏற்பட்ட உள்நாட்டு விமானநிலையத்தின் ஓடுதளத்தையொட்டி, கப்பல்படை விமானங்களைப் பழுதுபார்க்கும் பெரிய களமாக அது வளர்ந்தது. 1945இல் சூலூரிலும் ‘வைரி’ என்ற பெயரில் ஒரு நிலையம் வந்தது. இரண்டும் 1946 ஏப்ரலில் மூடப்பட்டன. கருடா என்ற பெயரை 1953இல் கொச்சி நிலையத்துக்கு இந்தியக் கடற்படை சூட்டிக்கொண்டது. இன்று கொச்சிக்கே உரியதாகத் தோன்றும் அந்தப் பெயர் முதலில் விளங்கியது பீளமேட்டில் என்பது கோவைக்காரர்களிலேயே பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

பீளமேடு அன்று எப்படிப்பட்ட இடம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1926இல் பி.எஸ்.ஜி. அறநிலையம் அங்கே தோன்றியிருந்தது. அதன் தொழிற்கூடம் ஆள் பழக்கிக்கொண்டிருந்தது. 1932ஐ ஒட்டிப் பைக்காரா மின்சாரம் வந்து மில்களும் பட்டறைகளும் பெருகின. 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டாரை உருவாக்கினார்கள். அடிபட்டு வந்த விமானத்தைச் சரிசெய்ய லேத்து ஓட்டுகிறவன், பற்றவைக்கிறவன், மோல்டர், ஃபிட்டர், ஒயர்மேன் எல்லாரும் வேண்டும். தென்னிந்தியாவில் கடலோரத்தை விட்டு விலகி, மின்சாரமும் பட்டறையும் ஒருசேர இருந்த ஊர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கோவை அவற்றில் முன்னால் நின்றது.

இன்னொன்று பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையின் சுவரில் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்துகிடக்கும் வாசல் அது. ஷொர்ணூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு 1902இலேயே ரயில் ஓடியது. ஆகவே கொச்சியும் கோவையும் ரயில்வழியில் இணைந்திருந்தன. வெள்ளலூரில் பானை பானையாகக் கிடைத்த ரோமானிய நாணயங்களும் மேற்குக் கடற்கரையிலிருந்து இந்த வழியாகத்தான் வந்தன என்பது ஆய்வாளர்களின் பொதுக்கருத்து. கொங்குக்குக் கடற்கரை இல்லாவிட்டாலும் கடலுக்குப் போகும் வழி எப்போதும் இருந்திருக்கிறது.

வானிலையையும் விட்டுவிட முடியாது. கொச்சியில் ஆண்டு மழை 3000 மில்லிமீட்டர் அளவில் பெய்யும். மலைக்கு இந்தப் பக்கம் கோவையில் அதில் நான்கில் ஒரு பங்குகூட வருவதில்லை. தென்மேற்குப் பருவத்தில் கொச்சி நனைந்துகிடக்கும் நாட்களில் சூலூரில் காற்று பலமாக வீசினாலும் வானம் பெரும்பாலும் திறந்திருக்கும். புதிதாக ஜெட் பழகுகிறவருக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது.

கப்பலில் இறங்குவது என்றால் என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் அந்த ஆண்டுகளின் அருமை புரியும். தரையில் இறங்குகிறவர் ஓடுதளத்தை நெருங்கியதும் மூக்கைச் சற்றே தூக்கி, வேகத்தைக் குறைத்து, மெல்லப் படியவைப்பார். கப்பலில் அதற்கு இடமில்லை. விக்ராந்தின் மொத்த நீளமே ஏறத்தாழ 210 மீட்டர். இறங்குவதற்குக் கிடைப்பது அதில் ஒரு துண்டு. அந்தத் துண்டும் முன்னோக்கி நகர்ந்துகொண்டே, அலையில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். குறுக்கே சில எஃகுக் கம்பிகள் கட்டியிருப்பார்கள். விமானத்தின் வாலடியில் தொங்கும் கொக்கி அவற்றில் ஒன்றைப் பற்ற வேண்டும். தளத்தின் ஓரத்தில் ஒரு கண்ணாடி அமைப்பு இருக்கும். அதில் தெரியும் வெளிச்சப் புள்ளி இருபுறப் பச்சை விளக்குகளின் வரிசைக்கு நேராக நின்றால் வரும் சரிவு சரி. புள்ளி மேலே போனால் விமானம் உயரத்தில் வருகிறது. கீழே போனால் தாழ்ந்து வருகிறது. கண்ணை அந்தப் புள்ளியிலிருந்து எடுக்காமல், மூக்கைத் தூக்காமல், அப்படியே தளத்தில் மோதுவதுபோல் இறங்க வேண்டும். சக்கரம் பட்ட கணத்தில் இயந்திரத்தை முழு வேகத்துக்குத் தள்ளவும் வேண்டும். நிற்பதற்காக இறங்குகிறவர் எதற்காக வேகத்தைக் கூட்டுகிறார் என்று தோன்றும். கொக்கி கம்பியைத் தவறவிட்டால் அந்த வேகம் ஒன்றுதான் அவரை மறுபடி மேலே தூக்கும்; இல்லாவிட்டால் முன்னால் கடல்.

இதை முதல் தடவையே கப்பலில் செய்துபார்க்க முடியாது. உலகெங்கும் கடற்படை விமானிகள் நிலத்து ஓடுதளத்தில், கப்பலின் தளம் இவ்வளவுதான் என்று கோடு போட்டு, அதற்குள் இறங்கி ஏறி, இறங்கி ஏறிக் கை பழகுவார்கள். தரை விமானியாக உடம்பில் ஊறிய பழக்கத்தைக் கழற்றிவிட்டு வேறொன்றை ஏற்றும் வேலை இது. விமானி தவறு செய்வதற்கு இடம் கொடுக்கும் ஒரே கட்டம் நிலத்துப் பயிற்சிதான். ஜெட் விமானத்தில் புதிதாகக் கை வைத்த நம் அதிகாரிகளுக்கு அந்தக் கட்டம் இருக்கைகள் பக்கம் பக்கமாக அமைந்த வேம்பயர் பயிற்சி விமானங்களோடு சூலூரில் கழிந்தது.

1961 மே 18ஆம் தேதி, பிரிட்டனில் இருந்த விக்ராந்தின் தளத்தில் முதல் இந்திய ஜெட் இறங்கியது. ஓட்டியவர் லெப்டினன்ட் ஆர்.எச். தஹிலியானி. வயது 31. பிறகு 1984 முதல் 1987 வரை கடற்படைத் தலைமைத் தளபதியாக இருந்தார். அதற்குப்பின் சிக்கிம் ஆளுநர். கட்டாரியின் தலைமுறை பக்கவாசலில் நுழைந்தது. அவர் தளபதியாக இருந்த நாளிலேயே அடுத்த தலைமுறை ஜெட்டில் வந்து இறங்கியது. நான்கே மாதத்தில் சூலூரில் ஹன்சா எழுந்தது. நவம்பர் 3ஆம் தேதி விக்ராந்த் பம்பாய் வந்து சேர்ந்தது.

சூலூரின் கடற்படைக் காலம் நீளவில்லை. 1961 டிசம்பரில் கோவா விடுதலை பெற்றது. கடலைப் பார்த்த மேட்டில் தபோலிம் விமானநிலையம் கையில் வந்தது. 1962 ஏப்ரலில் அதைக் கடற்படை ஏற்றுக்கொண்டது. 1964 ஜூனில் ஹன்சா அங்கே குடிபெயர்ந்தது. 1971 டிசம்பர் 4ஆம் தேதி விக்ராந்திலிருந்து கிளம்பிய சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கியபோது, ஒரு பத்தாண்டுக்குள் கடற்படையின் விமானப் பிரிவு எவ்வளவு முதிர்ந்துவிட்டது என்பதை உலகம் பார்த்தது. சூலூர் முழுவதும் விமானப்படையின் கைக்குப் போய், 2018 முதல் தேஜஸ் விமானங்களின் வீடாக இருக்கிறது. அதே தேஜஸின் கடற்படை வடிவம் சோதிக்கப்பட்டது கோவாவில் ஹன்சா வளாகத்தில் கட்டப்பட்ட நிலத்துச் சோதனைத் தளத்தில். 2020 ஜனவரி 11ஆம் தேதி ‘விக்ரமாதித்யா’ விமானந்தாங்கிக் கப்பலில் அது இறங்கியது. முதலில் நிலத்தில் கோடு, பிறகு கப்பல் என்ற வரிசை அறுபது ஆண்டுக்குப் பிறகும் மாறவில்லை.

ஜெட்டுகள் போனபிறகும் கடற்படை கோவையை விட்டுப் போய்விடவில்லை. ரெட்ஃபீல்ட்ஸில் இருக்கிறது ஐ.என்.எஸ். அக்ரணி. கடற்படையில் நிலத்து நிலையத்துக்கும் கப்பலுக்குரிய பெயரும் முறைமையும் உண்டு. வாயிலைத் தாண்டி ஊருக்குள் போவதே கரைக்குப் போவதாகத்தான் சொல்லப்படும். அந்த நிலையத்தில் நடப்பது தலைமைப் பயிற்சி. வருகிறவர்கள் பெரும்பாலும் பெட்டி ஆபீசர்கள், அதாவது மாலுமிக்கும் அதிகாரிக்கும் நடுவில் நிற்பவர்கள்.

இந்த நடுப்படியை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். 1946 பிப்ரவரி 18ஆம் தேதி பம்பாயில் ‘தல்வார்’ நிலையத்து மாலுமிகள் சாப்பாட்டை மறுத்து வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கெட்ட உணவு, இன இழிவுப் பேச்சு, வாயில் வந்தபடி வைத அதிகாரி என்று காரணங்கள் குவிந்திருந்தன. சில நாட்களில் அது 78 கப்பல்களுக்கும் ஏறத்தாழ 20,000 மாலுமிகளுக்கும் பரவியது. அது விடுதலைப் போராட்டத்தின் பெருமைக்குரிய பக்கம். அதே நேரத்தில், மேலே இருப்பவனுக்குக் கீழே இருப்பவனின் குரல் கேட்காத கப்பல் எப்படி வெடிக்கும் என்பதற்கும் அதுவே பாடம். அதிகாரியின் கட்டளையைக் கீழ்த்தட்டுக்குக் கொண்டுபோவதும், கீழ்த்தட்டின் குறையை அதிகாரியின் காதில் போடுவதும் பெட்டி ஆபீசர் வேலை. நல்ல கேப்டன் என்று பெயர் எடுத்த எவருக்கும் பின்னால் அப்படி ஒருவர் நின்றிருப்பார். அவரைத் தயாரிக்கும் இடம் கோவையின் நடுவில், புலியகுளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அதிகாரியின் நடுவயதும் இந்த வட்டாரத்தைத் தொடாமல் போவதில்லை. லெப்டினன்ட் கமாண்டர் நிலையில் தேர்வாகிறவர்கள் மேட்டுப்பாளையம் வழியாக மலையேறி, வெலிங்டனில் உள்ள பாதுகாப்புப் படைகள் பணியாளர் கல்லூரியில் ஏறத்தாழ ஓராண்டு படிக்கிறார்கள். 1950 முதல் முப்படைக்கும் பொதுவான கல்லூரி அது.

தொடக்கமோ இன்னும் கீழே, உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே ஆனைமலை அடிவாரத்தில் இருக்கிறது. 1962 ஜூலை 16ஆம் தேதி அமராவதிநகரில் சைனிக் பள்ளி தொடங்கியது. அமராவதி அணையின் பக்கத்தில், முதலைகள் வெயில் காயும் நீர்த்தேக்கத்தை ஒட்டி, பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் விடியலில் எழுந்து ஓடுகிறார்கள். படுக்கையைத் தாங்களே மடித்துவைக்கிறார்கள். ஷூவைத் தாங்களே துடைக்கிறார்கள். பாதுகாப்பு அமைச்சராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன் 1961இல் இத்தகைய பள்ளிகளைத் தொடங்கியபோது சொன்ன நோக்கம் தெளிவானது: அதிகாரிப் பதவி பணக்காரப் பள்ளிகளில் படித்த சில குடும்பங்களுக்குள்ளேயே சுற்றக் கூடாது. காங்கேயத்திலும் தாராபுரத்திலும் தோட்டம் பார்க்கும் குடும்பத்துப் பையன் நுழைவுத்தேர்வு எழுதி உள்ளே போகலாம். டஃபரினுக்கும் அமராவதிநகருக்கும் இடையில் 35 ஆண்டுகள்தான். கட்டாரி பம்பாய் வரை போய், வணிகக் கப்பல் வழியாகச் சுற்றி அடைந்த இடத்துக்கு, நேர்வழி ஒன்று அவர் தளபதிப் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற ஆறாவது வாரத்தில் கொங்கிலேயே திறந்தது.

அந்த வழியும் பாதிப் பேருக்கு மூடியே இருந்தது. 2021–22 கல்வியாண்டிலிருந்துதான் சைனிக் பள்ளிகள் எல்லாவற்றிலும் மாணவிகள் சேர்க்கப்படுகிறார்கள். கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாதமி 2022இல் பெண்களை ஏற்றது. முதல் அணியில் 17 பேர் 2025 மே மாதம் வெளிவந்தார்கள். அமராவதிநகரில் ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் மாணவிகள் 2028இல் பன்னிரண்டாம் வகுப்பை முடிப்பார்கள். தேர்வானால் கடக்வாஸ்லாவில் மூன்று ஆண்டு, எழிமலைக் கடற்படை அகாதமியில் ஓர் ஆண்டு, பிறகு கொச்சியில் பயிற்சிக் கப்பல். 2032 வாக்கில் அவர்களில் சிலர் சப் லெப்டினன்ட் பட்டையோடு கப்பலில் ஏறுவார்கள்.